மெய்நிகர்க் கருவி வாங்குமுன்

எம் விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு முழுமையும் மாலைதோறும் பள்ளிச் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்து, அதனால் வந்த பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கணினி விளையாட்டுக்கென மெய்நிகர்க் கருவியொன்றை விலைக்கு வாங்கினார். பெட்டி வந்த நாளன்று அவர் அறையில் நிற்பதற்கும் இடமில்லை. ஒரு திங்கள் கழிந்தபின் பார்க்கையில், அப்பெட்டி அவரது கட்டிலின் கீழே அழுக்குத் துணிகளுக்கு இடையே கிடந்தது. காரணம் வினவினேன். “அணிந்தால் தலை சுற்றுகிறது, காட்சி நின்று நின்று ஓடுகிறது, மூக்குக்கண்ணாடியோடு உள்ளே முகம் நுழையவில்லை” என்று மூன்று குறைகளை அவர் கூறினார். ஆராய்ந்து நோக்குமிடத்துக் கருவியில் யாதொரு பழுதும் இல்லை. வாங்குமுன் கேட்டிருக்கவேண்டிய வினாக்கள் சிலவற்றை அவரும் கேட்டிலர். அருகிருந்து ஊக்கிய யாமும் கேட்டிலம். ஓராண்டின் உழைப்பு கட்டிலின் கீழ்க் கிடப்பதைக் கண்ட வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பின்னர்ப் படித்தும், பிறர் கருவிகளை அணிந்து பார்த்தும் யான் அறிந்தவற்றை, முதன்முறை இத்தகைய கருவி வாங்க விழையும் மாணவ நண்பர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். மெய்நிகர் என்பது மெய்யை நிகர்ப்பது எனப் பொருள்படும். ‘நிகர’ என்பது நன்னூலார் எண்ணிய உவம உருபுகளுள் ஒன்று. உவமையின்கண் பொருள் வேறு, உவமானம் வேறு. இரண்டும் ஒன்றேயாய்விடின் ஆண்டு உவமைக்கு இடமில்லை. இக்கருவி காட்டும் உலகமும் அத்தன்மையதே. கண் அதனை மெய்யென்று கொள்ளும். செவியின் உட்புறத்திலிருந்து உடலின் சமநிலையை மூளைக்கு அறிவிக்கும் உறுப்போ அதனை மெய்யென்று ஒப்பாது. இவ்விரு புலன்களின் பிணக்கே என் நண்பரது தலைசுற்றலுக்கு ஒரு காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்கருவி நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிதே வேறுபட்ட இரண்டு நிலைகளினின்று காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றுபடுத்துவதனால் ஆழம் புலனாகின்றது. இவ்வுண்மையைக் கொண்டு, கண்ணுக்கு ஒன்றாக இரு படங்களைக் காட்டி ஆழத் தோற்றத்தை உண்டாக்கும் கருவியை ஆங்கில அறிஞர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டில் விளக்கினார். 1968-இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து, கணினி வரையும் காட்சியைத் தலையில் அணிந்து காணும் கருவியொன்றை அமைத்தார். அது மேற்கூரையினின்று தொங்கும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2012-இல் பாமர் லக்கி என்னும் இளைஞர் ‘ஆக்குலஸ் ரிஃப்ட்’ என்ற கருவிக்காகக் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் பொருளுதவி வேண்ட, ஏறக்குறைய 24 இலட்சம் டாலர் திரண்டது. அப்போது அவருக்கு வயது 19, எம்மனோர் வயதே. 2014-இல் அவரது நிறுவனத்தைப் பேஸ்புக் விலைக்கு வாங்கியது. 2016-இல் ரிஃப்ட்டும், எச்.டி.சி. வைவ் என்பதும் பொதுமக்கள் வாங்கும் பண்டங்களாகக் கடைக்கு வந்தன. இன்று நாம் காணும் கருவிகள் யாவும் இவற்றின் வழிவந்தனவே.

கருவியின் உள்ளே அமைந்தவை எளியவை. கண்களுக்கு முன்னே சிறு திரைகள். அவற்றிற்கும் கண்ணிற்கும் இடையே ஆடிகள். தலை எப்புறம் திரும்புகின்றது என்பதை அறியும் உணர்விகள். இரு கைகளிலும் பற்றுதற்குரிய இரண்டு கைப்பிடிகள். தலை சிறிது திரும்பியவுடன் காட்சியும் அதற்கேற்பத் திரும்புதல் வேண்டும். நொடிக்கு 90 முறை காட்சி புதுப்பிக்கப்படுமாயின், ஒவ்வொரு காட்சியையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியை 90 கூறிட்டால் வரும் ஒரு கூறே. அஃதாவது ஏறக்குறைய 11 மில்லி நொடி. அக்காலத்துள் வரைந்து முடியாதாயின் காட்சி தடுமாறும். காட்சி தடுமாறின் தலையும் தடுமாறும். இதனை மனத்திற்கொண்டு இனி வினாக்களுக்குச் செல்வோம். கடைக்குச் செல்லுமுன் நம்மை நாமே கேட்கவேண்டுவன நான்கு: என் கணினி யாது? என் உடல் எத்தகையது? என் அறை எவ்வளவினது? யான் ஆட விரும்புவது எது?

முதலாவது கணினி. சாதாரணத் திரையொன்றில் 1920 × 1080 என்னும் கணக்கில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட குவெஸ்ட் 3 என்னும் கருவியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 2064 × 2208 புள்ளிகள். இரு கண்ணுக்கும் சேர்த்து 91 இலட்சத்திற்கு மேல். அஃதாவது நான்கு மடங்கிற்கும் மிகுதி. ஆதலின், திரையில் ஒரு விளையாட்டை இனிது ஓட்டும் கணினி மெய்நிகர்க் கருவியிலும் அவ்வாறே ஓட்டும் என நம்புதல் தவறு. இச்சுமையைத் தாங்குவது கிராபிக்ஸ் கார்டே. 2020-இல் வெளிவந்து பலராலும் பாராட்டப்பெற்ற ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ என்னும் விளையாட்டு, குறைந்த அளவாக ஜி.டி.எக்ஸ். 1060 அல்லது ஆர்.எக்ஸ். 580 என்ற கார்டையும் 12 ஜி.பி. நினைவகத்தையும் வேண்டுகின்றது. இது வாயிற்படியே அன்றி வீடு அன்று; இதனினும் வலிய கார்டு இருப்பின் காட்சி தெளிவுறும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியை வைத்திருப்போர், கருவிக்கென வைத்த பணத்தை முதலிற் கணினிக்கே செலவிடல் வேண்டும். அன்றேல் கணினியின் துணையின்றித் தானே இயங்கவல்ல கருவியைத் தேர்தல் வேண்டும். மற்றொன்று: கம்பியால் இணைக்கும் கருவிகள் பல ‘டிஸ்பிளே போர்ட்’ என்னும் துளையை வேண்டுவன. பல மடிக்கணினிகளில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருக்கும், அது பயன்படாது. கடைக்காரரை வினவுமுன் நம் கணினியின் பக்கங்களை நாமே திருப்பிப் பார்த்தல் நலம்.

இரண்டாவது உடல். இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தொலைவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரியோர்க்குச் சராசரி ஏறக்குறைய 63 மில்லிமீட்டர். சிலர்க்கு 56, சிலர்க்கு 70. ஆடிகளின் நடுவிடமும் கண்மணிகளின் நடுவிடமும் ஒத்து நில்லாவிடின் காட்சி மங்கும், கண் களைக்கும், தலை நோகும். குவெஸ்ட் 3-இல் சிறு சக்கரமொன்றைத் திருப்பி இவ்விடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றலாம். 2024-இல் வந்த, விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ்-இல் 58, 63, 68 என மூன்று நிலைகளே உள. கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும்போது இவ்வளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அஃதின்றேல் நிலைக்கண்ணாடி முன் நின்று அளவுகோல் கொண்டு தாமே அளக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிவோர் மற்றொரு செய்தியை மறத்தலாகாது. கருவியின் ஆடி மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆயது. மூக்குக்கண்ணாடி உராய்ந்தால் கீறல் விழும், அக்கீறல் பின் மறையாது. நம் கண்ணுக்கேற்ற ஆற்றலுடைய ஆடிகளைத் தனியே செய்வித்துக் கருவியின் உள்ளே பொருத்திக்கொள்ளும் வழி உண்டு. அதன் விலையையும் முன்னரே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இனித் தலைசுற்றல். உடல் நாற்காலியில் அமர்ந்திருக்க, கண் மட்டும் ஓடுவதாகக் காணும்போது, முற்கூறிய பிணக்கு உண்டாகின்றது. மலைப்பாதையில் பேருந்தில் சென்றோர் பலர் இதனை அறிவர். நாம் நடந்த அளவே காட்சியும் நகரும் விளையாட்டுகளில் இத்துன்பம் மிகக் குறைவு. கைப்பிடியின் குமிழைத் தள்ளி ஓடும் விளையாட்டுகளில் மிகுதி. புதிதாகத் தொடங்குவோர் முதல் வகையையே தேர்ந்து, பத்து நிமிடம் ஆடி நிறுத்தி, நாள்தோறும் சிறிது கூட்டிக்கொண்டே செல்லல் வேண்டும். குமட்டல் தோன்றிய அக்கணமே கருவியைக் கழற்றிவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது பொய்க்கருத்து. அவ்வாறு பொறுத்தவர்க்குக் கருவியைக் கண்டாலே குமட்டல் வருதலும் உண்டு. என் நண்பர் முதல் நாளே மலைப்பாதையில் கார் ஓட்டும் விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடினார் என்பதை இங்கே நினைவுகூர்க.

மூன்றாவது அறை. நின்றும் நடந்தும் ஆடுதற்கு இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உடைய வெற்றிடம் வேண்டும். அமர்ந்தே ஆடுவோர்க்கு ஒரு நாற்காலியும், கைகளை நீட்ட இடமும் போதும். நம் நாட்டு வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் உரிய இடர் ஒன்று, அயல்நாட்டுக் குறிப்பேடுகளிற் சொல்லப்படாதது, மின்விசிறி. கூரை தாழ்ந்த அறையில் கையை ஓங்கி உயர்த்துவோன் சுழலும் இறக்கையைத் தொடுவான். கருவி தரையின் எல்லையைக் காட்டி எச்சரிக்குமேயன்றித் தலைக்கு மேலுள்ளதைக் காத்துத் தராது. ஆதலின் விசிறியின் நேர்கீழே நில்லாது, சுவரோரம் ஒரு மேசை விசிறியை வைத்துக்கொள்ளுதல் சாலச் சிறந்தது. அதன் காற்று எத்திசையினின்று வருகின்றது என்பது, கண் மறைந்தவனுக்குத் தான் எப்புறம் நோக்கி நிற்கின்றான் என்பதையும் உணர்த்தும்.

ஒளியைப்பற்றி இரண்டு செய்திகள் உள. இன்றைய கருவிகளிற் பல, தம் புறத்தே அமைந்த சிறு காமிராக்களால் அறையை நோக்கியே தாம் இருக்கும் இடத்தை அறிகின்றன. இருட்டறையில் அவை வழி தவறும். மாறாக, வெயில் நேரே கருவியின் ஆடிமேற் படுமாறு வைத்தால், பூதக்கண்ணாடி பஞ்சைச் சுடுவதுபோல அவ்வாடி கதிரைக் குவித்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும். சில நொடிகளே போதும். மேலை நாட்டார்க்கே கூறப்படும் இவ்வெச்சரிக்கை, சன்னலோரம் மேசையிட்டு வாழும் நமக்குப் பன்மடங்கு பொருந்தும். ஆடாத வேளையில் கருவியை உறையிலிட்டு வைக்க.

நான்காவது, ஆட விரும்புவது எது என்பது. விமானம் ஓட்டுதல், கார் ஓட்டுதல் முதலியவற்றில் ஆடுவோன் அமர்ந்தே இருக்கின்றான். கைப்பிடிகளின் நுட்பம் அவனுக்குப் பெரிதன்று. தொலைவிலுள்ள எழுத்தும் முள்ளும் தெளிவாகத் தெரிதலே பெரிது. ‘பீட் சேபர்’ போலத் தாளத்திற்கேற்பக் கை வீசும் விளையாட்டில் கம்பியின்மையும் கருவியின் இலேசுமே பெரிது. ஒரு கருவி எல்லா வகைக்கும் முதல்வனாதல் இல்லை. தன் விருப்பத்தை அறியாதவன் விளம்பரத்தின் விருப்பத்தையே தன் விருப்பமாகக் கொள்வான்.

இந்நான்கிற்கும் விடை கண்டபின் கருவிகளின் வகையை நோக்குவோம். முதல் வகை, தனித்தும் இயங்கிக் கணினியோடும் இணையவல்லது. குவெஸ்ட் 3-உம் 3எஸ்-உம் இவ்வகையின. இரண்டிலும் உள்ள செயலி ஒன்றே. ஆடிகளும் திரையும் வேறு. 3-இன் ஆடிகள் மெல்லியவை. ஓரம்வரை காட்சி தெளிவாயிருக்கும். 3எஸ்-இன் ஆடிகள் வட்ட வரிகளையுடைய பழைய வகை. நடுவில் தெளிவும் ஓரத்தில் மங்கலும் உடையவை. வெளிவந்த காலத்து அமெரிக்க விலை முன்னையதற்கு 500 டாலர், பின்னையதற்கு 300 டாலர். இவை கணினியோடு யு.எஸ்.பி. கம்பி வழியாகவோ வை-ஃபை வழியாகவோ இணையும். கணினி தான் வரைந்த காட்சியைச் சுருக்கி அனுப்ப, கருவி அதனை விரித்துக் காட்டுகின்றது. ஆதலின் தெளிவிற் சிறு குறையும், காலத்திற் சிறு தாழ்வும் இயல்பு. வை-ஃபை வழியை விரும்புவோர் ஒன்றைக் கடைப்பிடித்தல் இன்றியமையாதது: ரூட்டர் அதே அறையில் இருத்தல் வேண்டும், அது 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குதல் வேண்டும், கணினியிலிருந்து ரூட்டருக்குக் கம்பியே செல்லுதல் வேண்டும். விடுதி முழுமைக்கும் பொதுவான வை-ஃபையில் இது நடவாது. பல பொது இணைப்புகள் ஒரு கருவி மற்றொன்றைக் காணவொட்டாது தடுத்தும் வைக்கின்றன. என் நண்பரது காட்சி நின்று நின்று ஓடியதன் காரணம் பொது வை-ஃபையைப் பயன்படுத்தியதே.

இரண்டாம் வகை, கம்பியால் நேரே கிராபிக்ஸ் கார்டோடு இணைவது. இதில் காட்சி சுருங்காது; வை-ஃபைத் தொல்லையும் இல்லை; ஆயின் கம்பி காலைச் சுற்றும். சோனி 2023-இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இவ்வகையிற் சேர்ந்தது. அதன் திரை ஓ.எல்.இ.டி. ஆதலின் கருமை மெய்யான கருமையாகத் தோன்றும். இருள் சூழ்ந்த விளையாட்டுகளுக்கு இது மிக ஏற்றது. முதலில் சோனியின் ஆட்டப்பெட்டிக்கு மட்டுமே உரியதாயிருந்த அதனை, 2024 ஆகஸ்டில் வந்த இணைப்புச் சாதனத்தின் உதவியால் கணினியோடும் பொருத்தலாம். அச்சாதனத்தோடு டிஸ்பிளே போர்ட் 1.4, புளூடூத் 4.0 ஆகியவையும் வேண்டும். கணினியில் ஆடும்போது கண்ணோக்கை அறியும் ஆற்றல் முதலிய சில சிறப்புகள் பயன்படா என்பதையும் அறிக. இவ்வகையிலேயே எடைக் குறைவால் பெயர்பெற்றது 2023-இல் வந்த பிக்ஸ்கிரீன் பியாண்ட். அதன் எடை 127 கிராம், குவெஸ்ட் 3-இன் எடையோ 515 கிராம். ஆயினும் அதற்கு அறையின் மூலைகளில் வைக்கும் ஒளிவீசு நிலையங்களும் கைப்பிடிகளும் தனியே வாங்கவேண்டும்; முதன்முறை வாங்குவோர்க்கு அச்செலவு பெருஞ்சுமை.

மூன்றாவது, பிறர் ஆண்டு விற்கும் பழங்கருவிகள். மாணவர் கை இங்கேயே செல்லும். ஏமாற்றமும் இங்கேயே மிகுதி. எடுத்துக்காட்டாக, எச்.பி. ரிவெர்ப் ஜி2 என்னும் கருவி 2020-இல் வந்தது, கண்ணொன்றுக்கு 2160 × 2160 புள்ளிகள் உடையது, இன்றும் தெளிவிற் குறைந்ததன்று, விலையோ மலிவு. ஆனால் அஃது இயங்குதற்கு அடிப்படையான ‘விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி’ என்னும் மென்பொருளை 2023 டிசம்பரில் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்து, 2024-இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பினின்று நீக்கிவிட்டது. செய்தவர் துணை நீங்கிய கருவி, கரையிற் கட்டிய தோணி போல்வது. 2019-இல் வந்து நெடுநாள் புகழோடு விளங்கிய வால்வ் இண்டெக்ஸின் உற்பத்தியும் நின்றுவிட்டது. அந்நிறுவனம் கம்பியற்ற ஸ்டீம் ஃபிரேம் என்னும் கருவியை 2025 நவம்பரில் அறிவித்தது. பழங்கருவி வாங்குவோர் அதன் மென்பொருள் இன்றும் பேணப்படுகின்றதா, ஆடியிற் கீறலுண்டா, திரையில் வெயிற்சூட்டின் வடு உண்டா, கம்பியும் கைப்பிடியும் தனியே கிடைக்குமா என்னும் நான்கையும் நேரிற் கண்டு தெளிந்தாலன்றிப் பணத்தை நீட்டலாகாது.

ஆயின் எதனை வாங்குவது என்று கேட்பீராயின், என் கருத்து இது. ஓரளவு வலிய கணினியும் சிறிய அறையும் உடைய மாணவர்க்கு, தனித்தும் இயங்கவல்ல முதல் வகையே ஏற்றது. கணினி பழுதுற்றாலும், மேற்படிப்பிற்கு ஊர் மாறினாலும் கருவி வீணாகாது. அவருள்ளும் கண்மணி இடைவெளி 58, 63, 68 என்பவற்றிற்கு அணித்தாக உடையோர் 3எஸ் கொண்டு அமையலாம். ஏனையோரும், விமான விளையாட்டை விரும்புவோரும் பொறுத்திருந்து 3 வாங்குதல் நலம். இருள் நிறைந்த கதை விளையாட்டுகளையே விரும்பி, கணினியில் உரிய துளைகளும் உடையவர்க்கு வி.ஆர்.2 தக்கது. எதுவாயினும், கையிலுள்ள தொகை முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாமல், கம்பிக்கும், தலைவாருக்கும், கண்ணாடி ஆடிக்கும், ஓரிரு விளையாட்டுகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைக்க. அயல்நாட்டினின்று வருவிப்பதாயின், பழுதானால் நம் நாட்டிற் பார்ப்பவர் யார் என்பதை எழுத்தில் கேட்டறிக. எல்லாவற்றிற்கும் முன்னர், எவரிடமேனும் இரவல் பெற்று அரைமணி நேரம் அணிந்து பார்க்க. நூறு விமரிசனங்கள் சொல்லாததை நம் நெற்றியும் கண்ணும் வயிறும் அவ்வரைமணியிற் சொல்லிவிடும்.

என் நண்பரது பெட்டி இப்போது கட்டிலின் கீழ் இல்லை. அவரது கண்மணி இடைவெளியை அளந்தபோது 68 மில்லிமீட்டர் என்று கண்டோம். கருவியோ 63-இல் நின்றது. அதனை மாற்றினோம். பொது வை-ஃபையை விட்டு நீண்ட யு.எஸ்.பி. கம்பி ஒன்று வாங்கினோம். கண்ணாடி ஆடிகளுக்கு இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கின்றார். அதுவரையில் முகத்திற்கும் ஆடிக்கும் இடையே உள்ள இடைச்சட்டத்தைப் பொருத்தி உராய்வைத் தவிர்க்கின்றார். கார் ஓட்டும் விளையாட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, நின்ற இடத்தே நின்று ஆடுவதை நாளுக்குப் பத்து நிமிடமாகத் தொடங்கி, இன்று அரைமணி நேரம் இன்புற்று ஆடுகின்றார். இவற்றிற்கான செலவு, கருவியின் விலையில் மிகச் சிறு பகுதியே. இதனை முதலிலேயே அறிந்திருப்பின், ஒரு திங்கள் அவர் அடைந்த மனச்சோர்வு நேர்ந்திராது. உழைத்த பணம் வீணாயிற்றே என்று வீட்டாரிடம் அவர் ஒளித்த நாட்களும் நேர்ந்திரா.

பொருளை அறிந்து வாங்குதல் ஒன்று. தன்னை அறிந்து வாங்குதல் மற்றொன்று. கடையில் அடுக்கிய கருவிகள் ஆண்டுதோறும் மாறும். இன்று யான் பெயர் சொல்லியவை சில ஆண்டுகளிற் பழமையாகிவிடும். கணினி, உடல், அறை, விருப்பம் என்னும் நான்கு வினாக்கள் மட்டும் அப்போதும் பழமையாகா. அவற்றிற்கு விடை கண்டபின் வாங்குவோர் பொய்யுலகத்தே புகுந்து மகிழ்ந்தும், மெய்யுலகத்தே பொருளிழந்து வருந்தார்.